ஒரே பாடசாலை, நான்கு சதவீதங்கள்: வன்னியில் பரீட்சைப் பெறுபேறுகளை எப்படி வாசிப்பது?

க.பொ.த சாதாரண தரப் பெறுபேறு வெளியானதும் வன்னியில் ஊருக்கு ஊர் ஒரே குழப்பம்தான். பாடசாலை வாசலில் கட்டிய பதாகை 75 சதவீதம் என்கிறது. வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக் கைபேசிகளில் சுற்றும் பட்டியலில் அதே பாடசாலைக்கு 60. பழைய மாணவர் ஒருவரின் முகநூல் பதிவில் 40. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பெற்றோர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் யாரும் பொய் சொல்வதில்லை. ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்விக்கு விடை எழுதியிருக்கிறார்கள். எந்தக் கேள்வி என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அந்தக் கேள்விகள் எவை, இந்த எண்களை வைத்து ஒரு குடும்பமோ ஊரோ என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். கொழும்பிலோ யாழ்ப்பாண நகரிலோ இந்தத் தரவுகள் பாடசாலை தேடுவதற்குப் பயன்படலாம். வன்னியில் அவற்றின் பெரிய பயன், இருக்கிற பாடசாலைக்கு வரவேண்டியதைக் கேட்டு வாங்குவதில் இருக்கிறது.

தெரிந்திருக்கவேண்டிய சொற்கள்

சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகிறது. அவற்றில் ஆறு கட்டாயப் பாடங்கள்: சமயம், முதன்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு. பெறுபேறு ஏ, பி, சி, எஸ், டபிள்யூ என்று வரும். 35 புள்ளி எடுத்தால் எஸ், அதாவது சாதாரண சித்தி. 50 எடுத்தால் சி, திறமைச் சித்தி. 35க்குக் கீழே டபிள்யூ, சித்தியில்லை.

உயர்தரம் படிக்கத் தகுதி பெறுவது இதிலிருந்து வேறானது. முதன்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தி, அவற்றுள் மூன்றிலாவது திறமைச் சித்தி என்பதே பொதுவான நிபந்தனை. ஆறு பாடம் சித்தியடைந்த பிள்ளை கணிதத்தில் டபிள்யூ எடுத்திருந்தால் இந்தக் கணக்கில் வராது. (13 வருடக் கல்வித் திட்டத்தின் தொழிற்கல்விப் பிரிவுக்குச் சாதாரண தரச் சித்தி கேட்கப்படுவதில்லை. அது பலருக்கு இன்னும் தெரியாது.)

பாடசாலை வகையும் முக்கியம். 1ஏபி பாடசாலையில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உண்டு. 1சி பாடசாலையில் உயர்தரம் உண்டு, அந்தப் பிரிவுகள் இல்லை. வகை 2 தரம் 11உடன் முடியும். வகை 3 ஆரம்ப வகுப்புகளோடு, சில இடங்களில் தரம் 8உடன் நின்றுவிடும். வன்னிக் கிராமங்களில் அதிகம் இருப்பவை வகை 2உம் வகை 3உம். ஒரு வகை 2 பாடசாலையையும் நகரத்து 1ஏபியையும் ஒரே பட்டியலில் போட்ட உடனேயே ஒப்பீடு கெட்டுவிடும்.

நான்கு சதவீதங்கள் பிறக்கும் விதம்

முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு வகை 2 பாடசாலையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காகச் சொல்பவை.

தரம் 6இல் சேர்ந்தவர்கள் 30 பேர். அதே அணி தரம் 11க்கு வரும்போது இடாப்பில் 24 பேர். பரீட்சைக்குத் தோற்றியவர்கள் 20 பேர். ஆறு பாடங்களில் சித்தியடைந்தவர்கள் 15 பேர். உயர்தரத் தகுதி பெற்றவர்கள் 12 பேர். இனி வகுத்துப் பாருங்கள்:

1. தோற்றிய 20 பேரில் ஆறு பாடம் சித்தியடைந்தோர் 15: 75 சதவீதம். பதாகைக்குப் பிடித்த எண்.
2. தோற்றிய 20 பேரில் உயர்தரத் தகுதி பெற்றோர் 12: 60 சதவீதம். திணைக்களங்கள் வழக்கமாகச் சொல்லும் எண்.
3. தரம் 11 இடாப்பிலிருந்த 24 பேரில் தகுதி பெற்றோர் 12: 50 சதவீதம்.
4. தரம் 6இல் சேர்ந்த 30 பேரில் தகுதி பெற்றோர் 12: 40 சதவீதம்.

நான்கும் உண்மை. முதல் இரண்டும் பரீட்சை மண்டபத்துக்குள் வந்த பிள்ளைகளைப் பற்றியவை. கடைசி இரண்டும் வராத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்பவை. எனவே யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால் முதலில் கேட்கவேண்டியது, எத்தனை பேரில் என்பதுதான். இந்த ஒரு கேள்வியே முகநூல் சண்டையில் பாதியை முடித்துவிடும்.

தோற்றாத பிள்ளைகள் எங்கே?

மேலே சொன்ன பாடசாலையில் தரம் 6க்கும் 11க்கும் இடையில் ஆறு பேர் குறைந்திருக்கிறார்கள். அதை உடனே பாடசாலையின் குற்றமாக எழுதிவிடக் கூடாது. விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு வேறு பாடசாலைக்குப் போன பிள்ளை ஒரு கணக்கு. விடுகைப் பத்திரம் வாங்காமல் இடாப்பிலிருந்து மறைந்த பிள்ளை இன்னொரு கணக்கு. இரண்டாவதுதான் இடைவிலகல். இந்த இரண்டு எண்களும் அதிபரின் அலுவலகத்தில் இருக்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டால் எடுத்துச் சொல்லலாம்.

இடாப்பில் பெயர் இருந்தும் தோற்றாத நான்கு பேர் மூன்றாவது கணக்கு. விண்ணப்பித்துவிட்டு வராமல் விட்டவர்களா, விண்ணப்பிக்கவே இல்லையா என்று பிரித்துப் பார்க்கவேண்டும். முதலாவது என்றால் காரணம் வீட்டிலோ, வேலையிலோ, போக்குவரத்திலோ இருக்கலாம். இரண்டாவது என்றால், சதவீதம் இறங்கிவிடும் என்று மெதுவாகப் படிக்கும் பிள்ளையை யாராவது அடுத்த வருடம் எடுக்கச் சொன்னார்களா என்று விசாரிக்கவேண்டும். பெறுபேற்றுச் சதவீதம் ஒரு பாடசாலையின் மானப் பிரச்சினையாக மாறும் எந்த நாட்டிலும் இப்படி ஒரு ஆசை எட்டிப் பார்க்கும்.

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கட்டாயக் கல்வி. 2016இல்தான் மேல் எல்லை 14இலிருந்து 16ஆக உயர்ந்தது. ஆகவே தரம் 9இல் நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றிக் கேட்பது ஊர் வம்பு ஆகாது. அதற்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது.

இன்னொரு கசிவு தரம் 5 முடிந்ததும் நடக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்குப் பெரிய பாடசாலையில் இடம் கிடைக்கும். அது அந்தப் பிள்ளையின் உரிமை. ஆனால் ஆறு வருடம் கழித்து அதே பிள்ளையின் ஒன்பது ஏ பெரிய பாடசாலையின் கணக்கில் வரவாக எழுதப்படுகிறது. ஐந்து வருடம் எழுத்தறிவித்த கிராமப் பாடசாலை அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. நல்ல நாற்றைப் பிடுங்கிக்கொண்டு போனவர், மிஞ்சியதை வைத்து விளைச்சல் குறைவு என்று சொல்வதைப் போன்றது இது.

இதைச் சரிசெய்யச் சில நாடுகள் முயன்றிருக்கின்றன. இங்கிலாந்தில் 2016 முதல் ஆரம்பப் பள்ளி முடிவில் ஒரே அளவில் இருந்த பிள்ளைகளை ஒப்பிட்டு, அவர்கள் எங்கே எவ்வளவு முன்னேறினார்கள் என்று அளக்கத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியா 2010இல் தொடங்கிய இணையத்தளத்தில், குடும்பப் பின்னணி ஒத்த பாடசாலைகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டியது. நமக்கும் தரம் 5 புள்ளி தொடக்கப் புள்ளியாக உதவக்கூடும். ஆனால் அது ஒரு தெரிவுப் பரீட்சை, வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும், தோற்றுவோரில் பெரும்பான்மையானவர்கள் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே வந்த பத்து வயதுப் பிள்ளையைத் தோற்றுப்போனதாகச் சொல்வது கணக்கின்படியே பிழை.

எட்டுப் பேர் வகுப்பு

வன்னியின் தரவுகளை வாசிப்பதில் மிகப் பெரிய சிக்கல் எண்கள் சிறியவை என்பது. 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 92,000. மன்னாரில் ஏறத்தாழ ஒரு இலட்சம். துணுக்காய், மடு போன்ற வலயங்கள் இன்னும் சிறியவை. எட்டுப் பேர், பத்துப் பேர் மட்டும் சாதாரண தரத்துக்குத் தோற்றும் பாடசாலைகள் உண்டு.

எட்டுப் பேர் தோற்றும் இடத்தில் ஒரு பிள்ளையின் எடை 12.5 சதவீதப் புள்ளி. 160 பேர் தோற்றும் இடத்தில் ஒரு பிள்ளையின் எடை 0.6. ஒரு பிள்ளை காய்ச்சலோடு கணிதப் பரீட்சைக்குப் போனால் முதல் பாடசாலை மாவட்டப் பட்டியலில் பல இடம் இறங்கும். இரண்டாவதில் அது தெரியவே தெரியாது.

இதை இன்னும் சற்று இறுக்கமாகச் சொல்லலாம். இரண்டு பாடசாலைகளும் ஒரே தரத்தில் கற்பிக்கின்றன, ஒவ்வொரு பிள்ளைக்கும் சித்தியடைய 60 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்று வைப்போம். வெறும் தற்செயலாலேயே 160 பேர் பாடசாலையின் சதவீதம் வழக்கமாக 56க்கும் 64க்கும் இடையில் ஆடும். எட்டுப் பேர் பாடசாலை 43க்கும் 77க்கும் இடையில் ஆடும், அதையும் தாண்டிப் போகும். யாரும் கூடுதலாகப் படிப்பிக்கவுமில்லை, குறைவாகப் படிப்பிக்கவுமில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தரவுகளை ஆராய்ந்தவர்கள் இதையே கண்டார்கள். தரவரிசையின் உச்சியிலும் சிறிய பாடசாலைகள், அடியிலும் சிறிய பாடசாலைகள், நடுவில் பெரியவை. இந்த வருடம் பாராட்டு விழா எடுத்த பாடசாலைக்கே அடுத்த வருடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும்.

சரி, அப்படியானால் சிறிய பாடசாலையின் பெறுபேற்றைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம், ஆனால் ஒரு வருடத்தைத் தனியாக எடுக்கக் கூடாது. மூன்று அல்லது ஐந்து வருடங்களின் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டி, பிறகு வகுக்கவேண்டும். சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுப்பது வேறு, பிள்ளைகளைக் கூட்டி வகுப்பது வேறு. ஒரு வருடம் 4 பேரில் 4 (100 சதவீதம்), அடுத்த வருடம் 16 பேரில் 8 (50 சதவீதம்) என்றால், சதவீதங்களின் சராசரி 75. பிள்ளைகளைக் கூட்டினால் 20 பேரில் 12, அதாவது 60.

கடைசி இடம் என்றால் எவ்வளவு தூரம்?

மாகாணத் தரவரிசை வந்ததும் வடக்கு கடைசி என்ற தலைப்பு வரும். 2024ஆம் ஆண்டுச் சாதாரண தரப் பெறுபேற்றை எடுங்கள். முதலிடத்தில் தென் மாகாணம், அங்கே உயர்தரத் தகுதி பெற்றோர் 75.64 சதவீதம். ஒன்பதாவது வடமாகாணம், 69.86. நாடு முழுவதற்கும் 73.45. முதலுக்கும் கடைசிக்கும் ஆறு புள்ளிகூட இடைவெளி இல்லை. ஒன்பதில் ஒன்பதாவது என்பது பெரிய பள்ளமாகக் காதில் விழுகிறது. இடைவெளி உண்மையானதுதான், அதற்குக் காரணம் தேடவும் வேண்டும். ஆனால் வரிசை எண் இடைவெளியின் அளவைச் சொல்லாது. மாகாண எண் வலயங்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தையும் மறைத்துவிடும். யாழ்ப்பாண நகரப் பாடசாலையும் பாண்டியன்குளப் பக்கத்துப் பாடசாலையும் ஒரே 69.86க்குள் கிடக்கின்றன.

வருடங்களை ஒப்பிடும்போது

இரண்டு இடங்களில் கவனம் தேவை.

1. போர். 2008இலும் 2009இலும் வன்னிப் பாடசாலைகள் இடம்பெயர்ந்தன, பிள்ளைகள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் படித்தார்கள். அந்த முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். அந்த வருடங்களைத் தொடக்கமாக வைத்து வரைபடம் போட்டால் எந்த நிருவாகமும் வெற்றி பெற்றதாகத்தான் தெரியும். மீள்குடியேற்றம் நிலைத்த பின்னரான வருடங்களிலிருந்து தொடங்குவதே நேர்மை.
2. ஆண்டின் பெயர். கொரோனாவுக்குப் பிறகு பரீட்சையின் ஆண்டும் அது நடந்த ஆண்டும் பிரிந்துவிட்டன. 2021ஆம் ஆண்டுச் சாதாரண தரம் 2022 மேயிலும், 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 மேயிலும், 2024ஆம் ஆண்டுக்குரியது 2025 மார்ச்சிலும் நடந்தன. பழைய மாணவர் சங்கப் பட்டியல்களில் ஒரே அணி இரண்டு வருடங்களாக எழுதப்பட்டிருப்பது இதனால்தான்.

எண்களை வெளியிட்டால் என்ன நடக்கும்?

இதில் பிற நாட்டு அனுபவம் இரண்டு பக்கமும் பேசுகிறது. வேல்ஸ் 2001இல் பாடசாலைத் தரவரிசை அட்டவணைகளை நிறுத்தியது, இங்கிலாந்து தொடர்ந்தது. பின்னர் வந்த ஒரு ஆய்வு, வேல்ஸ் பாடசாலைகள் சற்றுப் பின்தங்கியதாகவும் அந்த இழப்பு நலிந்த பாடசாலைகளிலேயே அதிகம் என்றும் கண்டது. எண்களை மறைப்பது ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் உதவி என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

நமக்கு நெருக்கமான பாடம் தெற்காசியாவிலிருந்து வருகிறது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களை எடுத்து, பாதிக் கிராமங்களில் பிள்ளையின் புள்ளியையும் ஊரிலுள்ள பாடசாலைகளின் புள்ளிகளையும் பெற்றோருக்கு அட்டையாகக் கொடுத்தார்கள். பிள்ளைகளின் புள்ளி உயர்ந்தது, தனியார் பாடசாலைக் கட்டணம் ஏறத்தாழ 17 சதவீதம் இறங்கியது. ஆனால் அந்தக் கிராமங்களில் சராசரியாக ஏழு பாடசாலைகள் இருந்தன. பெற்றோர் வேறு இடத்துக்குப் போய்விடலாம் என்ற பயம் அங்கே வேலை செய்தது.

இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில், ஜவுன்பூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வில் வேறு கதை. ஊரைக் கூட்டித் தகவல் சொன்னார்கள். பிள்ளைகளின் வாசிப்பை ஊராரே சோதித்து அட்டை எழுதவும் பழக்கினார்கள். பாடசாலையில் ஒன்றும் மாறவில்லை. இளைஞர்களைப் பயிற்றி ஊருக்குள் வாசிப்பு வகுப்பு நடத்திய கிராமங்களில் மட்டும், அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் முன்னேறினார்கள்.

வன்னி இந்த இரண்டில் எதற்கு அருகில் இருக்கிறது? ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் அடுத்த பாடசாலை பல கிலோமீற்றர் தள்ளி இருக்கும், பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. தெரிவு செய்ய ஏழு பாடசாலைகள் இல்லை. வசதியுள்ள குடும்பம் பிள்ளையை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ விடுதியில் விடும், இல்லாத குடும்பம் இருக்கிற பாடசாலையிலேயே இருக்கும். இங்கே தரவரிசைப் பட்டியலை மட்டும் வெளியிட்டால் முதல் வகைக் குடும்பங்கள் இன்னும் வேகமாக வெளியேறும், பாடசாலை சுருங்கும், பிறகு பிள்ளைகள் இல்லை என்று சொல்லி ஆசிரியர்களையும் எடுத்துவிடுவார்கள்.

ஆகவே பெறுபேற்றோடு சேர்த்துக் கேட்கவேண்டியது உள்ளே போனதைப் பற்றி: ஆசிரியர், நாட்கள், பாடம்.

ஆளணி, இணைப்பு, நேரசூசி

ஒவ்வொரு பாடசாலைக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பாடங்களையும் வைத்து அங்கீகரிக்கப்பட்ட ஆளணி ஒன்று உண்டு: கணிதத்துக்கு இத்தனை பேர், விஞ்ஞானத்துக்கு இத்தனை பேர். உண்மையில் கடமையில் இருப்பவர்கள் வேறு எண்ணாக இருக்கலாம். இடையில் இணைப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆசிரியரின் பெயரும் சம்பளமும் ஒரு பாடசாலையில், வேலை இன்னொரு பாடசாலையில். தாளில் வெற்றிடம் தெரியாது, வகுப்பறையில் தெரியும். பிரசவ விடுமுறைக்குப் பதில் ஆள் வராததும் அப்படித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாகத் தினமும் வந்து போகும் ஆசிரியர்களைத் திட்டுவது வன்னியில் சுலபமான பொழுதுபோக்கு. அவர்களில் பலர் விடிய முன்னர் பஸ் ஏறுபவர்கள். ஊரில் தங்குமிடம் இல்லை என்பது அவர்களுடைய பிழை ஆகாது. கேள்வி அந்த ஆசிரியரை நோக்கிப் போவதைவிட, தரம் 10, 11 கணிதப் பாடவேளைகளில் எத்தனை நடந்தன, எத்தனை நடக்கவில்லை என்ற எண்ணை நோக்கிப் போனால் அதற்கு அலுவலகம் பதில் சொல்லவேண்டிவரும். இடாப்பிலிருந்த 24 பேரில் 12 பேர் தகுதி பெறாததற்குப் பிள்ளைகள் காரணமா, எட்டு மாதம் கணித ஆசிரியர் இல்லாதது காரணமா என்பது அந்த எண்ணைப் பார்த்தால்தான் தெரியும்.

எங்கே, எப்படிக் கேட்பது

1. பாடசாலை அபிவிருத்திச் சங்கம். அதிபரே தலைவர். பெற்றோர் எல்லோரும் கேட்கலாம். தரம் 6இல் சேர்ந்தோர், தரம் 11 இடாப்பில் இருந்தோர், தோற்றியோர், தகுதி பெற்றோர் என்ற நான்கு எண்களை ஐந்து வருடத்துக்கு ஒரே தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள். பாட வாரியான டபிள்யூ எண்ணிக்கையையும் சேர்க்கச் சொல்லலாம்.
2. கோட்டக் கல்வி அலுவலகமும் வலயக் கல்வி அலுவலகமும். ஆளணி, வெற்றிடம், இணைப்பு விவரம் அங்கே இருக்கும். மாகாணப் பாடசாலை என்றால் மேலே வடமாகாணக் கல்வித் திணைக்களம். தேசிய பாடசாலை என்றால் பொறுப்பு மத்திய கல்வி அமைச்சு. எந்தப் பாடசாலை எதற்குக் கீழே என்று தெரியாமல் விண்ணப்பம் போட்டால் மாதக்கணக்கில் அலைச்சல்தான்.
3. தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். பேரப்பிள்ளையை வளர்க்கும் அம்மம்மாவுக்கும் இந்த உரிமை உண்டு. தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

ஒரு எச்சரிக்கை. கேட்பது எண்களாக இருக்கவேண்டும், பிள்ளைகளின் பெயர்களோ பரீட்சைச் சுட்டெண்களோ வேண்டாம். தனியாள் விவரத்தை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது, அது சரியானதும்கூட. எட்டுப் பேர் வகுப்பில் "ஒருவர் எல்லாப் பாடத்திலும் டபிள்யூ" என்று பலகையில் எழுதினால் பெயர் எழுதாமலேயே ஊருக்குப் பெயர் தெரியும். ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையைத் தனியாகக் காட்டாமல் "5க்குக் குறைவு" என்று எழுதலாம், அல்லது மூன்று வருடத்தைச் சேர்த்துக் காட்டலாம். ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தைப் பதாகையில் போடுவதானாலும் அந்தப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

பதில் கடிதம் வந்ததும் அதைப் பாடசாலையின் நேரசூசியோடு ஒப்பிடுங்கள். கடிதத்தில் கணித ஆசிரியர் இருவர் என்று இருந்து நேரசூசியில் ஒருவருடைய பெயர் மட்டும் இருந்தால், மற்றவர் எந்தப் பாடசாலையில் இணைப்பில் இருக்கிறார், யாருடைய அனுமதியில், எந்தத் திகதி வரை என்பதை அடுத்த விண்ணப்பத்தில் கேட்கலாம்.